கரைதிறன் புராஜெக்ட் செய்யப் போகிறீர்களா? உப்பு வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என் தம்பி பத்தாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு 'திண்மங்கள் நீரில் எப்படிக் கரைகின்றன' என்ற தலைப்பை எழுதி வாங்கிக்கொண்டு வந்தான். "உப்பையும் தண்ணியையும் கலக்குறதுதானே அக்கா, ஒரு ஞாயித்துக்கிழமை போதும்" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். முழுசாக 24 நாள் ஆனது. மூன்று முறை உப்பு வீணானது, ஒரு வெப்பமானி உடைந்தது, ஸ்பைரல் போட்டு முடித்த அறிக்கையைப் பிரித்து மறுபடி அச்சடித்தோம். இவ்வளவுக்கும் சோதனைகள் கடினமானவை அல்ல. எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த வரிசையை இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு இரண்டு வாரம் போதும்.

1. 'கரைதல்' என்றால் என்ன என்று முதலில் தெளிவாகிக்கொள்ளுங்கள்

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், தமிழில் நாம் எல்லாவற்றையும் 'கரைந்தது' என்று சொல்லிவிடுகிறோம். ஐஸ் கரைந்தது என்கிறோம், அது உருகுதல். ஐஸ் தானாகவே நீராகிறது, அங்கே இரண்டாவது பொருளே கிடையாது. புளி கரைக்கிறோம், மாவு கரைக்கிறோம். இரண்டும் கரைசல் ஆவதில்லை. அரிசி மாவைக் கரைத்து ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள், மாவு அடியில் படிந்து தண்ணீர் மேலே தெளிந்து நிற்கும். அது வெறும் தொங்கல், அதாவது துகள்கள் கரையாமல் நீரில் கொஞ்ச நேரம் மிதக்கும் கலவை. கோல மாவைத் தண்ணீரில் போட்டாலும் இதே கதைதான்.

உண்மையில் கரைந்ததா என்று பார்க்க நாங்கள் மூன்று சோதனை வைத்துக்கொண்டோம். எதிர்ப்பக்கம் இருக்கும் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் (நிறம் இருக்கலாம், கலங்கல் இருக்கக் கூடாது). இரவு முழுக்க அசையாமல் வைத்தாலும் அடியில் படியக் கூடாது. வடிதாளில் ஊற்றினால் தாளில் எதுவும் தங்கக் கூடாது.

மேசையில் வைக்க நல்ல காட்சி ஒன்று: மஞ்சள் தூள். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர், இன்னொன்றில் கை கழுவும் சானிடைசர் (ஜெல்லாக இல்லாமல் நீர்மமாக இருப்பது). இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள். தண்ணீரில் தூள் மிதந்து, கலங்கி, அப்புறம் அடங்கிவிடும். சானிடைசரில் உள்ள ஆல்கஹால் மஞ்சளின் நிறப்பொருளைக் கரைத்துக்கொள்ளும். மிச்சத் தூள் அடியில் நிற்க, மேலே கண்ணாடி போல மஞ்சள் நீர்மம் நிற்கும். ஒரே பொருள் ஒரு கரைப்பானில் கரைந்து இன்னொன்றில் கரைய மறுப்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. சானிடைசர் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

2. உங்கள் கேள்வி வேகமா, அளவா? இதை எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலை

எங்கள் முதல் வாரம் முழுக்க வீணானதற்குக் காரணம் இதுதான். தம்பியின் நோட்டில் "கலக்கினால் அதிகம் கரையும்" என்று இருந்தது. தவறு. கலக்கினால் *சீக்கிரம்* கரையும், அதிகம் கரையாது. 25 டிகிரியில் 100 கிராம் தண்ணீர் சுமார் 36 கிராம் சாப்பாட்டு உப்பைத்தான் ஏற்கும். இந்த எல்லை அளவுக்குத்தான் கரைதிறன் என்று பெயர். ராத்திரி முழுக்க உட்கார்ந்து கலக்கினாலும் அதே 36தான். உப்பைப் பொடித்துப் போட்டாலும் அதே 36தான்.

பொடிப்பது, கலக்குவது இரண்டும் வேகத்தை மட்டுமே மாற்றும். எவ்வளவு கரையும் என்பதை மாற்றுவது பொருள் எது, கரைப்பான் எது, வெப்பநிலை என்ன என்ற மூன்றும்தான். (வாயுக்களுக்கு அழுத்தமும் சேரும், நாம் திண்மம் மட்டும் பார்க்கிறோம்.) சூடு ஒன்றுதான் இரண்டு பட்டியலிலும் வரும், குழப்பமே அதனால்தான் வருகிறது. நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டு 'வேகம்', 'அளவு' என்று எழுதி, ஒவ்வொரு சோதனையும் எந்தப் பத்தியைச் சேர்ந்தது என்று குறித்துவிடுங்கள். கண்காட்சியில் பார்க்க வந்த ஆசிரியர்கள் கேட்ட கேள்விகளில் பாதி இந்த இடத்தில்தான் வந்தன.

3. பொருட்கள், செலவு, கடையில் ஏமாறும் இடங்கள்

எங்களுக்கு மொத்தம் 1,100 ரூபாய்க்குள் முடிந்தது. ஊருக்கு ஊர் விலை மாறும், பள்ளி ஆய்வகத்தில் இருந்து இரவல் கிடைத்தால் பாதியாகிவிடும்.

பெரிய செலவு தராசு, 350 ரூபாய். சமையலறை எலக்ட்ரானிக் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் காட்டும், இந்த வேலைக்குப் பத்தாது. நகை எடை போடும் சிறிய தராசு 0.01 கிராம் வரை காட்டும். ஆனால் அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வாங்குங்கள். 200 கிராம் தாங்குவதை வாங்கினால் பீக்கரும் தண்ணீரும் வைத்த உடனேயே அதன் எல்லை முடிந்துவிடும். 500 கிராம் தாங்குவது வேண்டும்.

வெப்பமானி 180 ரூபாய், ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் 0 முதல் 110 டிகிரி வரை உள்ளது, உள்ளே சிவப்புச் சாராயம் இருப்பதைக் கேளுங்கள். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைச் சுடுநீரில் விடவே விடாதீர்கள். அது 42 டிகிரி வரைக்குத்தான், அதற்கு மேல் உடையும். எங்கள் வீட்டில் உடைந்தது அப்படித்தான். அது பழைய பாதரச வெப்பமானி என்பதால் தரையில் உருண்ட பாதரசத்தைக் கையால் தொடாமல், துடைப்பத்தால் கூட்டாமல், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு காகித அட்டையால் ஒதுக்கி, மூடியுள்ள பாட்டிலில் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்த மாலை முழுக்கப் பயத்திலேயே போனது.

250 மில்லி பீக்கர் இரண்டு, 300 ரூபாய். டீ குடிக்கும் கண்ணாடி டம்ளரில் கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடும்.

தண்ணீர்: போர்வெல் தண்ணீரில் ஏற்கனவே உப்புகள் கரைந்திருக்கின்றன. காய்ச்சி வடித்த நீர் ஒரு லிட்டர் 30 ரூபாய்க்கு பேட்டரி கடையில் கிடைக்கும். கேட்கும்போது 'டிஸ்டில்டு வாட்டர்' என்றே கேட்டு, பாட்டிலில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு வாங்குங்கள், ஏனென்றால் அதே கடையில் பேட்டரி ஆசிடும் அதே மாதிரி கேனில் இருக்கும். பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போவது நல்லது.

படிகாரம் 250 கிராம், நாட்டு மருந்துக் கடையில் 40 ரூபாய். உப்பு, சீனி, கற்கண்டு வீட்டில் இருக்கும். வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், பாடநூல் வரைபடங்களில் அழகாக மேலே ஏறும் வளைகோடு. 100 கிராம் தண்ணீரில் 20 டிகிரியில் சுமார் 32 கிராம், 60 டிகிரியில் சுமார் 110 கிராம் கரையும். அதற்காக அதை வெளியே தேடி அலைய வேண்டாம். பட்டாசுக்குப் பயன்படும் பொருள், வீட்டில் வைத்துக்கொள்ளும் சரக்கு அல்ல. பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னால் மட்டும் செய்யுங்கள். அதே பாடத்தைப் படிகாரம் சொல்லிக்கொடுத்துவிடும்.

4. வேகச் சோதனை: கற்கண்டு, சீனி, பொடித்த சீனி

ஒரு மாலையில் முடிகிற சோதனை. மூன்றும் கரும்புச் சர்க்கரைதான், துகளின் அளவு மட்டும் வேறு. ஒவ்வொன்றிலும் 10 கிராம், ஒரே வெப்பநிலையில் 100 மில்லி தண்ணீர், கைபேசியில் நேரம். ஒரு செ.மீ. கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர செ.மீ. அதையே ஒரு மி.மீ. கனசதுரங்களாக வெட்டினால் 1,000 துண்டு, மொத்தப் பரப்பு 60 சதுர செ.மீ. சர்க்கரை அதே அளவுதான், தண்ணீர் தொடும் இடம் பத்து மடங்கு. இந்தக் கணக்கை அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒருவரே கலக்க வேண்டும், நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று எண்ணிக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் துகள் அளவைச் சோதிக்கிறீர்களா, கையின் வேகத்தைச் சோதிக்கிறீர்களா என்று கேட்பார்கள். இரண்டாவது, பொடித்த சீனியை மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டி, நடுவில் உலர்ந்தே இருக்கும், சீனியைவிடத் தாமதமாகக் கரையும். தூவிப் போடுங்கள்.

கலக்காமல் ஒரு குவளையில் கற்கண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பின்னால் விளக்கு வைத்துப் பாருங்கள். வெயில் நேரத்துத் தார்ச்சாலை மேல் காற்று நெளிவது போலக் கற்கண்டில் இருந்து கோடுகள் கீழே இறங்கும். அது பாகு, தண்ணீரைவிடக் கனமானது என்பதால் இறங்குகிறது. கற்கண்டு கீழே கிடந்தால் அந்தப் பாகு அதன் மேலேயே போர்வை போலச் சூழ்ந்து நின்று, புதுத் தண்ணீர் வரவிடாது. கலக்குவது ஏன் வேகம் தருகிறது என்பதற்கு விடை அந்தக் கோடுகளில் இருக்கிறது. மேசைக்கு வந்த சின்னப் பிள்ளைகள் அதிக நேரம் நின்றதும் இந்தக் குவளை முன்னால்தான்.

5. உப்பின் கரைதிறனை அளப்பது

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

முதலில் உப்பு. தூள் உப்பில் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள் இருக்கிறது, அது கரையாமல் தண்ணீரைக் கலக்கும். கல் உப்பில் மண்ணும் ஈரமும் இருக்கும். நாங்கள் முதல் தடவை தூள் உப்பு போட்டு, இரண்டாவது கரண்டியிலேயே தண்ணீர் கலங்கியதும் "தெவிட்டிவிட்டது" (இதற்குமேல் கரையாது) என்று எழுதிவிட்டோம். கலங்கல் தெவிட்டலுக்கு அடையாளம் அல்ல. அடியில் உப்புத் துகள் மீந்து கிடந்து, கால் மணி நேரம் கலக்கியும் குறையாமல் இருப்பதே அடையாளம்.

கல் உப்பை எடுத்து, வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து ஈரம் போக்குங்கள். படபடவென்று வெடித்துத் தெறிக்கும், படிகத்துக்குள் சிக்கிய நீர் ஆவியாகி வெளியே வருவதுதான் அந்தச் சத்தம். மூடி போட்டு வறுங்கள். ஆறியதும் பொடியுங்கள்.

100 மில்லி தண்ணீரில் 45 கிராம் உப்பு. வேண்டுமென்றே அதிகம் போடுகிறோம். 20 நிமிடம் விட்டு விட்டுக் கலக்கி, அசையாமல் வைத்து, வெப்பநிலையைக் குறியுங்கள். உப்பு கரையும்போது தண்ணீர் ஓரிரு டிகிரி குளிரும், ஆகவே அறை வெப்பநிலைக்குத் திரும்பும் வரை காத்திருங்கள். மேலே தெளிந்ததை வடிதாளில் வடிகட்டுங்கள்.

இப்போது ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை எடை போட்டு, அதில் தெளிந்த கரைசலை ஊற்றி மறுபடி எடை போட்டு, கொதிக்கும் பானையின் வாய்மேல் வைத்து ஆவியில் வற்ற விடுங்கள். நேரடித் தீயில் வைத்தால் கடைசி நேரத்தில் உப்பு தெறிக்கும், தெறித்த ஒவ்வொரு துளியும் விடையைக் குறைக்கும். வற்றியதும் சிம்மில் சில நிமிடம் உலர்த்தி, நன்றாக ஆறிய பிறகு எடை. சூடான கிண்ணத்தைத் தராசில் வைத்தால் அளவும் தவறாக வரும், தராசும் கெடும்.

எங்கள் நோட்டில் இருந்தபடி: வெறும் கிண்ணம் 62.0 கிராம். கரைசலோடு 130.0. ஆகக் கரைசல் 68.0. உலர்ந்த பின் 80.9, உப்பு 18.9. தண்ணீர் 68.0 கழித்தல் 18.9, அதாவது 49.1. கரைதிறன் 18.9 வகுத்தல் 49.1 பெருக்கல் 100, விடை 38.5. அதிகமாக இருக்கிறதே என்று கிண்ணத்தை மறுபடி உலர்த்தினோம். எடை 80.1 ஆகி, அதற்குமேல் குறையாமல் நின்றது. இப்போது உப்பு 18.1, தண்ணீர் 49.9, விடை 36.3. முதல் தடவை உப்புக்குள் ஈரம் இருந்திருக்கிறது. இரண்டு முறை அடுத்தடுத்து ஒரே எடை வரும் வரை உலர்த்த வேண்டும், அதுதான் விதி.

அறிக்கையைப் பிரித்து அச்சடிக்க வைத்த தவறும் இங்கேதான் இருந்தது. தம்பி 18.1-ஐ 68.0-ஆல் வகுத்து 26.6 என்று எழுதியிருந்தான். அது கரைசலின் நிறை சதவீதம். கரைதிறனுக்குக் *கரைப்பானின்* நிறையால் வகுக்க வேண்டும், கரைசலின் நிறையால் அல்ல. 36-ம் 26-ம் ஒரே கிண்ணத்தில் இருந்து வரும் இரண்டு வெவ்வேறு எண்கள். இதைச் சிவப்பு மையில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஆவியாக்கும் முறை சீனிக்கு ஒத்துவராது, பாகாகிக் கருகிவிடும். படிகாரத்துக்கும் ஆகாது, அதன் படிகத்துக்குள்ளேயே நீர் கட்டுண்டு இருக்கிறது, சூடாக்கினால் அந்த நீரும் போய் எடை குறையும்.

எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். உப்பளத்தில் கடல்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் சுண்ட வைப்பதைப் பார்த்திருக்கிறோம். கடல்நீர் பாமே அளவில் (உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் அளவு, வெப்பநிலை அல்ல) ஏறத்தாழ 3 டிகிரி, சுமார் 25 டிகிரிக்கு வந்ததும் சாப்பாட்டு உப்பு படியத் தொடங்கும். அதற்கு முன்பே ஜிப்சம் பிரிந்துவிடும், 30 டிகிரியை நெருங்கினால் மெக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசக்கும் என்பதால் மிச்ச நீரை வெளியேற்றுவார்கள். ஒரே நீரில் கரைந்த மூன்று வகைப் பொருட்களை அவற்றின் கரைதிறனை வைத்தே பிரிக்கிற வேலை இது. சரி, உப்பை ஏன் குளிர வைத்து எடுப்பதில்லை? 0 டிகிரியில் சுமார் 35.7 கிராம், 100 டிகிரியில் சுமார் 39 கிராம். நூறு டிகிரி குளிர வைத்தாலும் கைக்கு வருவது மூன்று கிராம் சொச்சம். தண்ணீரைப் போக்குவது தவிர வேறு வழியில்லை. இதைத் தம்பி மேசையில் சொன்னபோது கேட்டவர்கள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

6. படிகாரமும் வெப்பநிலையும்

உப்புக்கு நேர் எதிரானது படிகாரம். 20 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் ஏறத்தாழ 11 கிராம், 60 டிகிரியில் 50 கிராமுக்கு மேல். வரைபடம் போட ஏற்ற பொருள்.

கடைப் படிகாரத்தை அப்படியே பயன்படுத்தாதீர்கள். சுடுநீரில் கரைத்து, துணியிலும் வடிதாளிலும் வடிகட்டி, ராத்திரி முழுக்க ஆற விட்டு, விழுந்த படிகங்களை எடுத்து நிழலில் உலர்த்திக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூடும், ஆனால் அளவுகள் ஒழுங்காக வரும். படிகாரத்தில் பொட்டாஷ், அம்மோனியம் என்று வகை உண்டு, கடைக்காரருக்கு எது என்று தெரியாது. அறிக்கையில் 'கடையில் வாங்கிய படிகாரம்' என்றே எழுதுங்கள்.

முறை இது. பீக்கரில் 50 கிராம் தண்ணீர், 20 கிராம் படிகாரம். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் பீக்கரை வைத்து முழுக்கக் கரையும் வரை சூடாக்குங்கள். வெளியே எடுத்து மெதுவாகக் கலக்கிக்கொண்டே ஆற விடுங்கள். மினுமினுவென்று முதல் படிகம் தெரியும் கணத்தில் வெப்பநிலை என்ன என்று குறியுங்கள். அந்தப் புள்ளியில் கரைசல் தெவிட்டியிருக்கிறது. 50 கிராமுக்கு 20 என்றால் 100 கிராமுக்கு 40. அது ஏறத்தாழ 50 டிகிரியை ஒட்டி வரும். அப்புறம் 10 கிராம் தண்ணீர் சேர்த்து மறுபடி சூடாக்கி ஆற வையுங்கள். பிறகு தண்ணீர் மொத்தம் 80 கிராம், 100 கிராம் என்று ஆகும்படி சேர்த்துச் செய்யுங்கள். ஒரே படிகாரத்தில் நான்கு புள்ளி கிடைக்கும், கடைசிப் புள்ளி 35 டிகிரி அளவில் இருக்கும். நம் ஊர் அறை வெப்பநிலைக்கு இதற்குக் கீழே போவது கடினம், போகவும் தேவையில்லை.

இரண்டு இடத்தில் எங்களுக்கு அடி விழுந்தது. ஒன்று, படிகாரம் பிடிவாதம் பிடிக்கும். தெவிட்டும் வெப்பநிலையைத் தாண்டிக் குளிர்ந்த பிறகும் படிகம் விழாமல் அப்படியே நிற்கும், அதிதெவிட்டிய கரைசல் என்று பாடத்தில் படிக்கிறோமே, அதுதான். கடுகளவு படிகாரத் துகள் ஒன்றைப் போட்டால் சடசடவென்று விழும், ஆனால் நீங்கள் குறிக்க வேண்டிய வெப்பநிலை போயிருக்கும். ஆகவே குளிரும்போது படிகம் தோன்றும் வெப்பநிலை, மறுபடி சூடாக்கும்போது கடைசிப் படிகம் மறையும் வெப்பநிலை, இரண்டையும் குறித்துச் சராசரி எடுங்கள். இரண்டு, சூடாக்கும்போது தண்ணீர் ஆவியாகிக் குறையும். ஒவ்வொரு சுற்றிலும் பீக்கரை எடை போட்டு, குறைந்த அளவு தண்ணீரைச் சேர்த்துவிடுங்கள்.

எல்லாத் திண்மமும் சூட்டில் அதிகம் கரையும் என்று மட்டும் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலந்து தெளிய வைத்த நீரை மூடி போட்டுச் சூடாக்கினால் கலங்கும். 20 டிகிரியில் 100 மில்லியில் ஏறத்தாழ 0.17 கிராம் கரைகிற சுண்ணாம்பு, கொதிநிலையில் அதில் பாதிகூடக் கரையாது. மூடி போடச் சொன்னதற்குக் காரணம், மூச்சிலும் காற்றிலும் உள்ள கார்பன் டைஆக்சைடும் அதே நீரைக் கலக்கும், அப்போது கலங்கியது எதனால் என்று சொல்ல முடியாது. சுண்ணாம்பு நீர் கண்ணில் படக் கூடாது, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

7. "ஏன் கரைகிறது?" என்று கேட்டால் சொல்ல வேண்டியது

இதை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டாம், புரிந்தால் சொந்த வார்த்தையில் வரும். நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்று எதிர்மின் தன்மை, ஹைட்ரஜன் பக்கம் சற்று நேர்மின் தன்மை. உப்புப் படிகத்தில் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் மாறி மாறி அடுக்கியிருக்கின்றன. மூலையிலும் விளிம்பிலும் இருக்கும் அயனிகளுக்குப் பிடிமானம் குறைவு. நீர் மூலக்கூறுகள் சோடியத்துக்கு ஆக்சிஜன் பக்கத்தையும் குளோரைடுக்கு ஹைட்ரஜன் பக்கத்தையும் காட்டிச் சூழ்ந்து, பிரித்துக் கொண்டுபோகின்றன. சீனியில் அயனி கிடையாது. மூலக்கூறு மூலக்கூறாகவே பிரிந்து, ஹைட்ரஜன் பிணைப்பால் நீரோடு சேர்கிறது. அதனால்தான் உப்புநீரில் மின்சாரம் போகும், சீனித் தண்ணீரில் போகாது. இதைக் காட்ட 9 வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன எல்.இ.டி., ஒரு மின்தடை போதும். வீட்டு மின்சாரத்தைத் தொடவே கூடாது.

தெவிட்டிய கரைசலில் கரைதல் நின்றுவிடுகிறதா என்று கேட்பார்கள். நிற்கவில்லை. கரைந்து போகும் துகள்களும், திரும்பி வந்து படிகத்தில் ஒட்டும் துகள்களும் சம வேகத்தில் இருக்கின்றன. அதனால் மொத்தத்தில் மாற்றம் தெரிவதில்லை.

கரைந்தால் குளிர்வது ஏன் என்பதும் வரும். படிகத்தைப் பிரிக்க ஆற்றல் செலவாகிறது, நீர் சூழும்போது ஆற்றல் வருகிறது. செலவு அதிகமானால் குளிரும். வயலுக்குப் போடும் யூரியா 20 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்தால் வெப்பநிலை சுமார் 10 டிகிரி இறங்கும், குவளையைத் தொட்டாலே ஜில்லென்று இருக்கும். இப்போது வருவது வேப்பெண்ணெய் பூசிய யூரியா, வாசனையைக் கண்டு பயப்பட வேண்டாம், வாயில் மட்டும் வைக்காதீர்கள்.

இன்னொன்று, 100 மில்லி தண்ணீரில் 50 கிராம் சீனி போட்டால் எடை 150 கிராம் ஆகும், கன அளவு 150 மில்லி ஆகாது, 131 மில்லியை ஒட்டித்தான் நிற்கும். அளவு ஜாடி இருந்தால் மேசையிலேயே செய்து காட்டுங்கள்.

8. காகிதங்கள்

சோதனை முடிந்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். எங்களை அலைய வைத்தது இந்தப் பகுதி.

தலைப்பை எழுதி, வழிகாட்டி ஆசிரியரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கிய பிறகே பொருட்கள் வாங்குங்கள். வீட்டில் அடுப்பில் வைத்துச் செய்யும் சோதனைகளுக்குப் பெற்றோர் ஒப்புதல் கடிதம் சில பள்ளிகளில் கேட்கிறார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கச்சா நோட்டு ஒன்று கட்டாயம். அளவெடுக்கும்போதே பேனாவால் எழுதுங்கள், தவறு வந்தால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். 38.5 வந்த பக்கத்தைத் தம்பி கிழித்துவிடப் பார்த்தான், நான் விடவில்லை. கண்காட்சியில் அந்தப் பக்கத்தைத்தான் மதிப்பீட்டாளர் அதிக நேரம் பார்த்தார், ஏன் குறைந்தது என்று கேட்டார், ஈரம் என்று இவன் பதில் சொன்னான். பாடநூலில் 36 இருக்கிறது என்பதற்காக உங்கள் எண்ணை 36 ஆக்காதீர்கள்.

அறிக்கையில் முகப்பு, சான்றிதழ்ப் பக்கம், நோக்கம், பொருட்கள், செய்முறை, அட்டவணை, வரைபடம், முடிவு, பிழை வந்த காரணங்கள். வரைபடத்தில் கிடைக்கோட்டில் வெப்பநிலை, செங்கோட்டில் கரைதிறன், இரண்டுக்கும் அலகு. புள்ளிகளை ஸ்கேல் வைத்துத் துண்டு துண்டாக இணைக்காமல், இழைவான ஒரே வளைகோடாகக் கையால் வரையுங்கள். அறை வெப்பநிலையை எழுத மறக்காதீர்கள். எங்கள் வீட்டில் 31 டிகிரி, பாடநூல் எண் 25 டிகிரிக்கானது.

மிக முக்கியமானது: ஸ்பைரல் போடுவதற்கு முன்பே ஆசிரியரிடம் தாள்களைக் காட்டித் திருத்தம் வாங்கிவிடுங்கள். நாங்கள் போட்டு எடுத்துக்கொண்டு போன அன்றுதான் 26.6 பிடிபட்டது, அட்டவணை, வரைபடம், முடிவு மூன்றும் மாறின. இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றைப் பள்ளி வைத்துக்கொள்ளும். வெளியூர்க் கண்காட்சிக்குத் தேர்வானால் பள்ளியில் படிப்பதற்கான சான்றிதழ் கேட்பார்கள், அலுவலகத்தில் இரண்டு மூன்று நாள் ஆகலாம், கடைசி நாளில் போய் நிற்காதீர்கள்.

9. நாள் கணக்கு

முதல் இரண்டு நாள் தலைப்பு ஒப்புதலும் கொள்முதலும். மூன்றாம் நாள் படிகாரத்தைச் சுத்தம் செய்து ஆற வைப்பது, அதே மாலை சீனிச் சோதனை. முதல் சனிக்கிழமை உப்பு, ஞாயிறு படிகாரம். ஒவ்வொன்றையும் இன்னொரு முறை செய்து சராசரி எடுக்க அடுத்த வார இறுதியை விட்டுவைத்திருங்கள். நடுவில் உள்ள நாட்களில் எழுதுவதும் வரைவதும். மேசையில் வைக்கப் பெரிய படிகாரப் படிகம் வேண்டும் என்றால் முதல் ஞாயிறே, சோதனையில் மீந்த கரைசலை வடிகட்டி, விதைப் படிகம் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, மேலே துணி மூடி, ஆடாத இடத்தில் வைத்துவிடுங்கள். எட்டுப் பத்து நாளில் விரல் நுனி அளவுக்கு வளரும். கரைசல் தெவிட்டாமல் இருந்தால் விதையே கரைந்து நூல் மட்டும் தொங்கும், எங்களுக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது. நூலைக் கட்டும் முன் ஒரு சின்னத் துகளைப் போட்டு, அது ஒரு மணி நேரம் கரையாமல் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.